பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் கம்ப்யூட்டர் யந்திரம், பிறர் எழுதிய செய்திகளையும் நூல்களையும் அனுமதி இல்லாமல் எடுத்துப் பாடம் கற்கலாமா? இந்தக் கேள்வியை 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் டெல்லி ஐகோர்ட்டுக்குக் கொண்டு சென்றது. எதிர்த்தரப்பு, அமெரிக்காவின் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி. புத்தக வெளியீட்டாளர்களும், சினிமாப் பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் இசைக் கம்பெனிகளும் தங்களையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டனர். கம்பெனியின் சார்பில் எடுத்து வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று, "எங்கள் கம்ப்யூட்டர்கள் இந்தியாவில் இல்லை, ஆகவே இந்தியக் கோர்ட்டு இதை விசாரிக்க முடியாது" என்பது.

சட்டத்தின் நுணுக்கத்தைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீதிபதிகள். அதற்குள் நாம் போகவில்லை. ஆனால் இந்த வழக்கு இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது. புதிய யந்திரம் ஒன்று வருகிறது. அதை வைத்து ஒருவரின் உழைப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். பழியை யார் மீது போடுவது? சென்ற 40 ஆண்டுகளாக நம் நாடு இந்தக் கேள்விக்குச் சொல்லிவந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: கைக்கு எட்டியவனைப் பிடி!

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. அப்போது திருட்டுப் பதிப்பு என்றால் அச்சாபீசில் நடக்கும் காரியம். டேப் ரிக்கார்டரும் வீடியோ கேசட்டும் வந்த பிறகு வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை நகல் எடுக்கலாம் என்றாகிவிட்டது. சினிமாத் துறையினர் அலறினார்கள். 1984-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில், அபராதம் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை என்று ஆக்கினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் உள்ள போலீஸ் அதிகாரி வாரண்டு இல்லாமலே நகல்களைக் கைப்பற்றலாம் என்றும் ஆயிற்று. இந்தக் குற்றத்துக்கு வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் என்பது உரிமையாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது.

அதோடு நின்றதா? இல்லை. தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டம் 1982-ல் வந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களையும் ரவுடிகளையும் அடக்க வந்த அந்தச் சட்டத்தில் 2004-ம் ஆண்டு வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டார்கள். கர்நாடகத்தில் 1985-ல் வந்த அதே போன்ற சட்டத்தில் வீடியோ, ஆடியோ திருடர்கள் இடம் பெற்றார்கள். 2014-ல் 'டிஜிட்டல் குற்றவாளிகள்' என்ற பிரிவும் அதில் நுழைந்தது. இந்தச் சட்டங்களின் கீழ் ஒருவரை விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். ஆலோசனைக் குழு பார்க்கும் என்பது உண்மை. ஆனால் குழு என்பது கோர்ட்டு அல்ல. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 6 மாத ஜெயில் போதும் என்று ஒரு சட்டம் சொல்கிற செயலுக்கு, நிரூபிக்காமலே ஓராண்டு உள்ளே வைக்கலாம் என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. கேட்பதற்கே விசித்திரமாக இல்லையா?

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. கேசட் கடை, பிறகு சி.டி. கடை, அதற்கும் பிறகு செல்போனின் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடை என்று பிழைப்பு நடத்திய இளைஞர்கள் எத்தனையோ பேர். ஊரை விட்டு வந்த தமிழனுக்குத் தன் ஊர்ப் பாட்டைக் கேட்க அன்று வேறு வழியும் குறைவு. இதைச் சொல்வதால் திருட்டு நகலை நாம் ஆதரிக்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். ஒரு படத்தை எடுக்க நூற்றுக்கணக்கானோர் உழைக்கிறார்கள். அந்தப் படம் வெளியான அன்றே தியேட்டரில் களவாகப் பதிவு செய்து ஊரெங்கும் பரப்புவது பச்சைத் திருட்டுதான். 2023-ல் சினிமாட்டோகிராப் சட்டத்தைத் திருத்தி, அதற்குக் குறைந்தது 3 மாத ஜெயிலும் 3 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது சரியே. அந்தச் சட்டம் பதிவு செய்தவனைத் தேடுகிறது. விசாரணை நடத்தித் தண்டிக்கிறது. நாம் குறை சொல்வது, விசாரணையே வேண்டாம் என்கிற சட்டத்தை.

கேசட் கடைக்காரனைத் திருடன் என்று கூவிய அதே காலத்தில், அலுவலக அறைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டை எழுதிய கவிஞருக்கும், மெட்டமைத்த இசையமைப்பாளருக்கும் அந்தப் பாட்டில் உரிமை உண்டா என்ற வழக்கில் 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. கூலி கொடுத்து எழுதச் சொன்ன பட முதலாளியே பாட்டுக்கும் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இருந்தால் ஒழிய, என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் அப்படி இருந்தது; கோர்ட்டு அப்படிச் சொன்னது. ஆனால் உடன் அமர்ந்திருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தீர்ப்போடு ஒரு குறிப்பையும் சேர்த்தார். பாடுகிறவருக்கு நம் சட்டத்தில் இடமே இல்லையே, இதைச் சட்டம் இயற்றுவோர் கவனிக்க வேண்டாமா என்பது அவர் கவலை.

கவனித்தார்கள். எப்போது? பாடகர் முதலான கலைஞர்களுக்கு ஒரு தனி உரிமை 1994-ல் வந்தது. பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் முழுமையாகத் தாரை வார்க்க முடியாது என்ற விதி வர 2012 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராஜ்யசபையில் கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடினார். 1977-க்கும் 2012-க்கும் இடையில் 35 ஆண்டுகள்! அந்த 35 ஆண்டுகளில் எத்தனை கவிஞர்கள், எத்தனை வாத்தியக் கலைஞர்கள் தங்கள் பாட்டு தெருவெல்லாம் ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே வாடகை கொடுக்க முடியாமல் தவித்திருப்பார்கள்! அவர்களுடைய பணத்தை எடுத்துக்கொண்டவன் தெருவோரக் கடைக்காரன் மட்டும்தானா? நட்டத்துக்கெல்லாம் காரணம் திருட்டு கேசட்டுதான் என்று கூட்டம் போட்டுப் பேசியவர்களில் சிலர், தாங்கள் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைக்காரன் மீது போட்ட பழி, அவர்களுக்கு வசதியான திரையாக இருந்தது.

புத்தகத்தின் கதையும் இதற்குச் சளைத்தது அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரக் கல்லூரி வளாகத்தில் ராமேசுவரி என்ற பெயரில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் பாடத்துக்காகக் குறிப்பிட்ட பக்கங்களைப் பல நூல்களில் இருந்து நகல் எடுத்து, ஒரே கட்டாகச் சேர்த்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும் 2012-ல் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. உலகப் புகழ் பெற்ற பதிப்பகங்களுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை! மாணவர்களும் ஆசிரியர்களும் கடைக்காரருக்கு ஆதரவாகக் கோர்ட்டுக்கு வந்தார்கள். 2016 செப்டம்பரில் ஐகோர்ட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. அப்பீலில் சில விஷயங்களை மீண்டும் விசாரிக்கச் சொன்ன டிவிஷன் பெஞ்சு, பாடம் நடத்தும் தேவைக்காக நகல் எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டது. கடைக்குத் தடை விதிக்க மறுத்தது. 2017 மார்ச் மாதத்தில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் பெற்றன. முடிவு நல்லதாக அமைந்தது. ஆனால் அந்த நான்கரை ஆண்டுகள் கோர்ட்டு வாசலில் நின்ற கடைக்காரருக்கு யார் பதில் சொல்வார்கள்?

பிடிபடுகிறவர் எப்போதும் ஏழைதான் என்று சொல்ல முடியாது. 2004-ம் ஆண்டு இணைய தளத்தில் பொருள்களை வாங்கவும் விற்கவும் வசதி செய்து கொடுத்த பாசி டாட் காம் என்ற கம்பெனியில், யாரோ ஒருவர் ஆபாசப் படம் ஒன்றை விற்பனைக்குப் போட்டுவிட்டார். தகவல் தெரிந்து கம்பெனி அதை நீக்கியது. ஆனாலும் அதன் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் டிசம்பரில் கைது செய்யப்பட்டார். அவர் மீதான வழக்கை முற்றிலும் ரத்து செய்து சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2012-ல். சந்தையில் ஒரு மூலையில் ஒருவன் திருட்டுப் பொருள் விற்றால், சந்தைக்கு இடம் கொடுத்தவரைப் பிடித்து உள்ளே தள்ளுவது போன்ற காரியம் இது.

அந்தக் கைதுக்குப் பிறகுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிறர் போட்ட சரக்குக்கு இடம் கொடுத்தவர் மட்டுமே என்றால், உரிய கவனத்தோடு நடந்துகொண்டால், அவருக்குப் பாதுகாப்பு உண்டு. விஷயம் தெரிந்தும் நீக்காமல் இருந்தால் பாதுகாப்பு இல்லை. 'தெரிந்தும்' என்றால் கோர்ட்டு உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த பிறகு என்று 2015 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கம் சொன்னது. பாட்டு, படம் முதலான பதிப்புரிமை விஷயத்தில் உரிமையாளர் இன்ன இடத்தில் இன்ன நகல் இருக்கிறது என்று குறிப்பிட்டு எழுதினாலே போதும் என்று 2016 டிசம்பரில் டெல்லி ஐகோர்ட்டு, மைஸ்பேஸ் வழக்கில் கூறியது. இரண்டும் நியாயமான தீர்ப்புகள் என்பது நம் கருத்து. தெரிந்தவன் யார், நிறுத்தும் சக்தி யாரிடம் இருந்தது, லாபம் யாருக்குப் போனது என்று கேட்கிற வழக்கம் அப்போதுதான் மெள்ள மெள்ளத் தலைகாட்டியது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. திருடன் யார் என்று தெரியாதபோது, 'அசோக்குமார்' என்று ஒரு பெயரைப் போட்டு வழக்குத் தொடுப்பது இந்தியக் கோர்ட்டுகளில் வந்துவிட்ட பழக்கம். (அசோக்குமார் என்ற பெயருடைய வாசகர்கள் மன்னிப்பார்களாக.) 2012-ல் '3', 'தம்மு' ஆகிய படங்களுக்காகச் சென்னை ஐகோர்ட்டில் அப்படி ஒரு தடை உத்தரவு வாங்கினார்கள். இணையத் தொடர்பு தரும் கம்பெனிகள் என்ன செய்தன? குற்றம் எங்கே என்று பார்க்கச் சோம்பல் பட்டு, பல தளங்களை முழுமையாகவே அடைத்துவிட்டன. தாங்களே எடுத்த படங்களை விமியோ தளத்தில் வைத்திருந்தவர்கள் கூடத் தவித்தார்கள். குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூன் மாதத்தில் ஐகோர்ட்டு தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

இனி செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். இங்கே காட்சி தலைகீழாகிறது. கேசட் காலத்தில் யந்திரத்தை விற்றவரையும் வைத்திருந்தவரையும் துரத்தினோம். அமெரிக்காவில் சோனி கம்பெனியின் வீடியோ ரிக்கார்டரையே சட்டவிரோதமாக்க ஹாலிவுட் முதலாளிகள் முயன்று, 1984 ஜனவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டில் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள். ரிக்கார்டர் செய்கிறவருக்கு, வாங்குகிறவர் எதைப் பதிவு செய்வார் என்று தெரியாது. ஆகவே அவரை விட்டது சரி. ஆனால் இன்றைய யந்திரத்தைச் செய்கிறவர் அப்படிப்பட்டவரா? எந்தெந்த நூல்கள், எந்தெந்தச் செய்திகள், எந்தெந்தப் பாடல்கள் உள்ளே போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அவர். எடுத்து வந்து கொட்டுவது அவர். வரும் பதிலுக்குச் சந்தா வாங்குவதும் அவர். தெரிந்தவர் அவர், நிறுத்தக் கூடியவர் அவர், லாபம் பெறுகிறவரும் அவர். இத்தனைக்கும் பிறகு, "பதிலை எழுதியது யந்திரம்; கேட்டது வாடிக்கையாளர்; நாங்கள் நடுவில் நிற்கிறோம்" என்று சொல்லி, ஜெராக்ஸ் கடைக்காரருக்காகவும் சந்தைக்காரருக்காகவும் வந்த பாதுகாப்பைப் போர்த்திக்கொள்ளப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

யந்திரத்தைக் கை காட்டித் தப்பப் பார்த்ததற்குக் கனடாவில் ஒரு வழக்கு சான்று. ஏர் கனடா விமானக் கம்பெனியின் இணைய தளத்தில் இருந்த பேசும் யந்திரம், குடும்பத்தில் ஒருவர் இறந்ததற்காகப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகையைப் பற்றித் தவறான தகவல் கொடுத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அந்த யந்திரம் செய்ததற்கு யந்திரமே பொறுப்பு என்ற தோரணையில் கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. கம்பெனியின் தளத்தில் உள்ளது எல்லாம் கம்பெனியின் பேச்சே என்று கூறிப் பணத்தைக் கொடுக்க வைத்தது.

நம் நாட்டில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. 1994-ம் ஆண்டுத் திருத்தத்திலேயே ஒரு சிறு வரி இருக்கிறது. கம்ப்யூட்டரால் உருவாக்கப்பட்ட படைப்புக்கு ஆசிரியர் யார்? அது உருவாகக் காரணமாக இருந்த நபர். யந்திரம் அல்ல, நபர். 2020-ல் ராகவ் என்ற கம்ப்யூட்டர் நிரலை ஓர் ஓவியத்துக்குக் கூட்டு ஆசிரியராக நமது பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்துவிட்டு, அடுத்த ஆண்டு அதைத் திரும்பப் பெறுவதாக நோட்டீசு அனுப்பியது நினைவிருக்கலாம். படைப்பில் உரிமை கொண்டாட வரும்போது நபர் என்று முன்னால் வந்து நிற்பவர், பிறர் படைப்பை எடுத்ததற்குப் பதில் சொல்லும்போது மட்டும் யந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. உரிமைக்கு ஓர் ஆள், பொறுப்புக்கு வேறு ஆள் என்பது ஒப்புக்கொள்ள முடியாதது.

அமெரிக்காவில் 2025-ல் நடந்தது கவனிக்கத்தக்கது. ஆந்த்ரோபிக் என்ற கம்பெனி மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், நூல்களை வைத்து யந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பது அந்நாட்டுச் சட்டப்படி நியாயமான உபயோகமே என்று நீதிபதி ஜூனில் கூறினார். ஆனால் திருட்டுத் தளங்களில் இருந்து நூல்களை இறக்கிக் களஞ்சியமாகச் சேர்த்து வைத்தது வேறு விஷயம், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் கூறினார். கம்பெனி 150 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளச் சம்மதித்தது. சுமார் 5 லட்சம் நூல்கள். நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 ஆயிரம் டாலர். பயிற்சி பற்றிய முதல் பகுதியை எழுத்தாளர்கள் பலர் ஏற்கவில்லை. நமக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் யந்திரத்தைப் பழிக்காமல், மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்த முறை சரியானது.

மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை 2025 டிசம்பரில் ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. கம்பெனிகள் படைப்புகளை எடுத்துக்கொள்ளலாம், ஆசிரியர் மறுக்க முடியாது. ஆனால் வியாபாரத்துக்கு வந்த பின் வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்ட வேண்டும். ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பங்கிடும் என்பது அதன் யோசனை. காசு உண்டு என்பதை வரவேற்கிறோம். மறுக்கும் உரிமை இல்லை என்பதை வரவேற்க இயலவில்லை. தவிர, டெல்லியில் வசூலாகும் ராயல்டி கோலாரிலோ பத்ராவதியிலோ இருந்து எழுதும் ஒரு தமிழ் எழுத்தாளருக்கு எப்படி வந்து சேரும்? எந்த நூலை எடுத்தோம் என்ற பட்டியலைக் கம்பெனி வைத்திருந்தால் அல்லவா யாருக்குக் கொடுப்பது என்று தெரியும்? பட்டியல் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்; கேட்பவருக்குக் காட்ட வேண்டும். சங்கங்களில் சேராத எழுத்தாளரும் தன் மொழியிலேயே மனுக் கொடுக்க வழி வேண்டும். 1977-க்குப் பிறகு பாட்டாசிரியர்கள் 35 ஆண்டுகள் காத்திருந்தது போல இவர்களும் காத்திருக்க வேண்டுமா?

பெங்களூரில் இந்த வேலையைச் செய்யும் கம்பெனிகளில் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தகவலைத் திரட்டி வா என்று மேலிருந்து சொல்வார்கள். திரட்டுவது இவர்கள் கை. நாளை வழக்கு என்று வந்தால், உத்தரவு போட்டவர் ஒதுங்கிக்கொண்டு, விசையைத் தட்டிய என்ஜினீயரைக் காட்டிக் கொடுக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அனுமதி வாங்கியாயிற்றா என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் வாங்கி வைத்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

கர்நாடக அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான நூல்களைப் பற்றிய தகராறைக் கோர்ட்டுகள் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக விசாரிக்கின்றன. அங்கே யாரையும் யாரும் குண்டர் என்று அழைக்கவில்லை. அதே மரியாதை சி.டி. விற்ற பையனுக்கும் உரியது. குற்றம் செய்திருந்தால் 1957-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 3 ஆண்டு வரை தண்டிக்கலாம். 1985-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வீடியோ, ஆடியோ நகல் பற்றிய பிரிவையும், டிஜிட்டல் குற்றவாளிகள் என்ற பிரிவில் உள்ள பதிப்புரிமைப் பகுதியையும் நீக்க ஒரு திருத்த மசோதா போதும். சட்டசபையின் அடுத்த கூட்டத் தொடரிலேயே அதைக் கொண்டு வர வேண்டுகிறோம். தமிழ்நாடு அரசும் 2004-ல் சேர்த்ததை மறுபரிசீலனை செய்யட்டும்.